ஒன்பதாவது கையெழுத்து

ஜூன் 7

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. பதிலை வீட்டுக்கு எழுதாதே. பள்ளி நூலகத்தின் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். நூலக மிஸ் எதுவும் கேட்க மாட்டார், புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் இருப்பது ஒரே ஃபோன், அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா உன்னோடு பேச வேண்டுமென்றாலும் நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர் போகிறவர் முன்னால்தான் பேச வேண்டும்.

அம்மா மறுபடியும் உண்டாகியிருக்கிறாள்.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "கல்யாண வயசுல ஒரு டாக்டர் பொண்ணை வெச்சுக்கிட்டு இப்ப எனக்கு இது தேவையா? அவ மூஞ்சில எப்படிடி முழிப்பேன்?" என்கிறாள். சத்தியத்தை மீறிவிட்டேன். நம் தம்பி வாண்டு பிறந்த அன்று நீ உள்ளே ரத்தம் கொடுக்கப் படுத்திருந்தாய், நான் வெளியே பெஞ்சில் அம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது' என்று அன்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை நாம் எல்லாரும் கேட்டோம். அப்பாவும் கேட்டார்.

போன வாரம் பெரிய டாக்டரம்மாவிடம் போனோம். அம்மா மெதுவாக, "வேண்டாம்னு இருக்கேம்மா" என்றாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கையால அது மட்டும் முடியாதும்மா. இத்தனை வருஷத்துல ஒண்ணுகூடச் செஞ்சதில்லை. உன்னைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கறேன், பெத்துக்கோ" என்றார். அவர் நடிக்கவில்லை, எனக்குத் தெரிந்தது. உன்னையும் என்னையும் முதலில் கையில் வாங்கியவர் அவர். ஆனால் வேறு எங்கே போகலாம் என்று அம்மா கேட்டபோது, "அதைச் சொன்னா நானே செஞ்ச மாதிரிதானே?" என்று எழுந்துவிட்டார்.

படி இறங்கும்போது அப்பா முகத்தில் நிம்மதி. "டாக்டரே சொல்லிட்டாங்க. இனி நமக்கென்ன தெரியும்?" என்றார். அப்பா கெட்டவர் இல்லை அக்கா. முடிவெடுக்கிற பாரம் தன் தலையிலிருந்து இறங்கினால் அவருக்குப் போதும்.

நூலகத்தில் மூன்று புத்தகம் எடுத்துப் படித்தேன். பன்னிரண்டு வாரம் வரை கலைக்க இந்த நாட்டுச் சட்டம் விடுகிறது. அதன் பிறகு டாக்டர்கள் குழு கூடி முடிவு செய்ய வேண்டும். அம்மாவிடம் தேதி கேட்டு நானே கணக்குப் போட்டேன். கரு உண்டாகி ஏழு வாரம் ஆகிறது. நேரம் இருக்கிறது. நீ பெரிய ஆஸ்பத்திரியில், பெண்கள் பிரிவிலேயே இருக்கிறாய். நீ செய்துவிடு. உன்னால் முடியாவிட்டால் கூட இருப்பவர் யாரையாவது செய்யச் சொல்.

உன் பூச்சி


ஜூன் 11

பூச்சிக்கு,

கடிதம் வந்தது. நீ சொன்னபடி கிழித்துவிட்டேன்.

அம்மாவைக் கடையில் அதிக நேரம் நிற்க விடாதே. ஃப்ரேம் பெட்டிகளை அவள் தூக்க வேண்டாம், அப்பாவைத் தூக்கச் சொல். இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் போடட்டும், ஆனால் டீயோடு போடக் கூடாது. ரத்த அழுத்தம் பார்த்து எனக்கு எழுது. ஏழு வாரம் என்றால் பதற வேண்டியதில்லை. நான் விசாரித்து எழுதுகிறேன். அதுவரை அம்மாவை இங்கே கூட்டி வராதே. இங்கே இப்போது வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

நீ இதையே நினைத்துக்கொண்டு படிப்பைக் கோட்டை விடாதே.

அக்கா


ஜூன் 14

அக்கா,

எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய், நான் கேட்டதைத் தவிர. செய்வாயா, மாட்டாயா?

அம்மா இப்போது கண் பரிசோதிக்கும் அறையில் போய்த்தான் வாந்தி எடுக்கிறாள். அங்கே எப்போதும் இருட்டாக இருக்கும், எழுத்துப் பலகையில் மட்டும் விளக்கு எரியும். நேற்று கதவைத் திறந்தபோது வாளியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "எனக்குச் சாகப் பயமில்லைடி. வாண்டு இன்னும் தானா தலை வாரிக்க மாட்டேங்கறானே" என்றாள்.

நூலக மிஸ்ஸிடம் கேட்டு அங்கிருந்த ஃபோனில் உன் நம்பருக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே அடித்தேன். கவுண்டரில் எடுத்தவர் நான் பாதி சொல்வதற்குள், "அதுக்கு வியாழக்கிழமை வரணும்மா" என்று வைத்துவிட்டார். வியாழக்கிழமை என்று ஒன்று இருப்பதைக்கூட நீ ஏன் எழுதவில்லை?

அம்மாவிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்துவிட்டேன். உனக்குத் தெரியாமல் போவதானால் வருகிறேன் என்கிறாள். மொத்தக் கடையில் புது ஃப்ரேம் எடுக்கப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லப் போகிறோம். அங்கே வந்த பிறகு நான் உன்னைத் தேடி ஓடி வருவேன். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பூச்சி


ஜூன் 17

பூச்சி,

வராதே. இந்தக் கடிதம் உன் கையில் கிடைப்பதற்குள் கிளம்பியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

எங்கள் பிரிவில் பத்து டாக்டர்கள். 'இந்தச் சிகிச்சை என் மனசாட்சிக்கு விரோதமானது, ஆகவே செய்ய மாட்டேன்' என்று எழுதிக் கொடுக்க ஒரு டாக்டருக்கு உரிமை உண்டு. நான் சேர்ந்தபோது எட்டுப் பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் உண்மையாகவே அப்படி நினைப்பவர்கள், உன் பெரிய டாக்டரம்மாவைப் போல. மற்றவர்களுக்குக் காரணம் வேறு. எழுதிக் கொடுக்காதவருக்கு அந்த வேலை மட்டும்தான் வரும். வியாழக்கிழமைதோறும் மாடியில் சின்ன ஆபரேஷன் தியேட்டரில் ஒரே ஒரு டாக்டர் அதைச் செய்துவந்தார். 'வியாழன்' என்றே அவருக்குப் பெயர். "என்ன வியாழன், இன்னிக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டு, அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தால் எழுந்துபோவார்கள். பிரசவம் பார்க்க அவரைக் கூப்பிட மாட்டார்கள். பெரிய ஆபரேஷன் எதிலும் அவர் பெயர் இருக்காது.

அவருக்கே பிரசவம் வந்து விடுப்பில் போனபோது, பிரிவின் சீஃப் என்னைக் கூப்பிட்டார். கட்டாயப்படுத்தவில்லை. மேசைமேல் காகிதத்தை வைத்து, "யோசிச்சுக்கோங்க டாக்டர், உங்க எதிர்காலம்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. பேனாவைக்கூட அவரிடமே வாங்கினேன். ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது. என் மனசாட்சி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பூச்சி. அதை யாரும் கேட்கவும் இல்லை.

மாடித் தியேட்டர் இப்போது பூட்டியிருக்கிறது. நானே மனசு மாறினாலும் சொந்த அம்மாவுக்குச் செய்ய விதி இடம் கொடுக்காது. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஆளும் இல்லை அம்மா. போன தடவை ரத்தம் போன மாதிரி போனால் பக்கத்தில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வேறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். நேரம் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பொறு.

அக்கா


ஜூன் 20

அக்கா,

உன் கடிதம் இன்று நூலகத்தில் கிடைத்தது. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நாங்கள் நேற்றே வந்து போய்விட்டோம்.

கவுண்டர்காரர் அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டு மாடிக்குப் போகச் சொன்னார். மாடி வராந்தாவில் பெஞ்சுகள் நிறைந்து, சிலர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நீ சொன்ன அந்தக் கதவில் பூட்டு. ஆனாலும் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு அக்கா இருந்தார். என் சட்டைக் காலரைப் பார்த்ததும், "இதைத் தைச்சது யாரு? எமர்ஜென்சில தைச்ச மாதிரி இருக்கு" என்று சிரிக்க வைத்தார். அவருக்கு இது மூன்றாவது வியாழக்கிழமை. "இல்லைன்னு சொல்ல மாட்டாங்க பாப்பா. இல்லைன்னு சொன்னா ஏன்னு மேலிடத்துலேர்ந்து எழுதிக் கேட்பாங்களாம். அதனால அடுத்த வியாழன் வாங்கன்னுதான் சொல்வாங்க. நாள் தாண்டிடுச்சுன்னா அவங்க சொல்லவே வேண்டாமே" என்றார்.

அப்போது நீ வந்தாய். வராந்தாவின் கடைசியில், வெள்ளைக் கோட்டோடு. இத்தனை பெண்களையும் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி, பின்பக்கப் படியில் இறங்கிப் போனாய். எங்களை நீ பார்க்கவில்லை. நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "கூப்பிடாதே" என்றாள். அவள் முகம் உன்னைப் பார்த்துப் பயந்த மாதிரி இல்லை. உனக்காகப் பயந்த மாதிரி இருந்தது.

மதியம் கவுண்டர்காரர் மேலே வந்து, "இன்னிக்கு டாக்டர் இல்லை. அடுத்த வியாழன் வாங்க" என்றார். எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினோம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தையல் அக்கா எத்தனை வாரம் என்று கேட்டார். சொன்னேன். எப்படி எண்ணினாய் என்று கேட்டார். கரு உண்டான நாளிலிருந்து என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இவங்க அப்படி எண்ண மாட்டாங்கம்மா. அம்மா கடைசியா விலக்கானாங்களே, அதோட முதல் நாள்லேர்ந்து எண்ணுவாங்க" என்றார். நான் பாடப் புத்தகத்தில் இருந்தபடி எண்ணினேன். இரண்டு வாரம் குறைத்து எண்ணியிருக்கிறேன். உண்மையில் அம்மாவுக்குப் பதினோரு வாரம் ஆகப்போகிறது. அடுத்த வியாழனை விட்டால் அவ்வளவுதான்.

நான்தான் உன்னிடம் நேரம் இருக்கிறது என்று எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். இரண்டு தடவையும் தப்பாகவே சரிபார்த்தேன்.

பூச்சி


ஜூன் 22

பூச்சி,

நானும் விரைவுத் தபாலிலேயே போடுகிறேன். முதலில் அழுகையை நிறுத்து.

கணக்கு உன்னுடைய தப்பு இல்லை. வாரம் சொல்லும் எந்தப் பெண்ணிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி, எந்தத் தேதியிலிருந்து என்பதுதான். வாயைத் திறந்தாலே அதுதான் வரும். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. நீ கொடுத்த எண் எனக்கு வசதியாக இருந்தது. இரண்டு வாரம் தள்ளிப்போடலாம் என்றது.

வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அப்பா எடுத்தார். "சாப்பிட்டியாம்மா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். ஜலதோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று மதியம் வியாழன் வீட்டுக்குப் போனேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உன் அம்மான்னதும் வந்திருக்கே" என்றார். "ஆமாம்" என்றேன். குழந்தை ஏப்பம் விடும்வரை அதன் முதுகைத் தட்டினார். பிறகு சொன்னார்: "வியாழக்கிழமை வர்றேன். பால் கொடுக்கத் திரும்பணும், நாலு பேருக்குமேல முடியாது. ஆனா நீ உன் கையெழுத்தைத் திரும்ப வாங்கு. அன்னிக்கே. வாங்கினேன்னு காகிதத்தைக் காட்டினாதான் நான் கையைக் கழுவிட்டுத் தியேட்டருக்குள்ள போவேன்."

வாங்குகிறேன். அது நடைமுறைக்கு வரப் பத்து நாள் ஆகும், அதனால் அன்று என்னால் யாருக்கும் செய்ய முடியாது. நீங்கள் இருவரும் புதன்கிழமையே என் அறைக்கு வந்துவிடுங்கள். என்னைப் பார்க்க வருகிறீர்கள் என்றே அப்பாவிடம் சொல். அது உண்மைதானே. எனக்குத் தெரியும் என்பதை அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, தைரியமாக.

அக்கா


ஜூலை 2

அக்கா,

அம்மா நன்றாக இருக்கிறாள். ரத்தம் நின்றுவிட்டது, காய்ச்சல் இல்லை. நீ கொடுத்த மாத்திரைகளை அலாரம் வைத்துக் கொடுக்கிறேன்.

அன்று உன் அறைக் கதவைத் திறந்ததும் அம்மா உன் முகத்தைப் பார்க்காமல் நேராகப் போய் நீ போட்டு வைத்திருந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாளே, நீயும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தாயே. பேச்சே இல்லாமல் ஒரு சண்டை வந்து தீர்ந்துபோன மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில் அம்மா, "ஒரு ஸ்பூனைக்கூட ஒழுங்கா வெக்கத் தெரியலை, இவ எல்லாம் டாக்டர்" என்றதும் நீ அழுதாய்.

வீட்டில் அப்பாவிடம், தானாகவே கலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறோம். அவர் அன்று கடையைத் திறக்கவில்லை. கண் பரிசோதிக்கும் அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிடப் போனேன். "நல்லவேளை அக்கா பக்கத்துல இருந்தா. இல்லேன்னா அம்மாவையும்ல விட்டிருப்போம்" என்று என் தலையைத் தடவினார். அவர் நிஜமாகவே துக்கப்படுகிறார். அவருக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் இருப்பதெல்லாம் பொய். அவர் எதிரில் இருக்கும்போது புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறேன். பக்கம் திருப்ப மறந்துவிடுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். வியாழக்கிழமை நான்கு பேரைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். பெயர் எழுதின வரிசையில் நாலாவது தையல் அக்கா. அம்மா பதினொன்றாவது. நாலாவதாக அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "கூப்பிட்ட டாக்டர் உங்க சொந்தமா பாப்பா?" என்றார். நான் தலையாட்டினேன். "அதானே, முகச்சாயல் இருக்கு" என்று சொல்லிவிட்டு என் காலரைச் சரிசெய்துவிட்டார்.

அவர் மறுபடி வந்தாரா?

பூச்சி


ஜூலை 13

பூச்சி,

வந்தார். போன வியாழக்கிழமை, என் முதல் நாள். காலையில் தியேட்டரைத் திறந்தேன். விளக்கில் தூசி படிந்திருந்தது, நானே துடைத்தேன். அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். ஸ்கேனில் பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டிருந்தது. குழு கூட வேண்டும், குழுவில் உட்கார மூன்று டாக்டர்கள் வேண்டும். ஒவ்வொருவரிடமும் போனேன். "எழுதிக் கொடுத்திருக்கேனே டாக்டர், உங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அப்ப இனிமே எந்தக் கிழமை வரணும் டாக்டர்?" என்றார். வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். போனாரா என்று தெரியவில்லை. கொடுத்த நம்பர் வேலை செய்யவில்லை.

வரிசையை மாற்றியது நான்தான். வியாழனுக்குத் தெரியாது. மறுபடி அதே வராந்தாவில் அம்மாவை உட்கார வைத்தாலும் மாற்றத்தான் செய்வேன். அதனால் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காகிதத்தைத் திரும்ப வாங்கியபோது சீஃப் சிரித்துக்கொண்டே, "மனசாட்சி இவ்வளவு சீக்கிரமா மாறுமா டாக்டர்?" என்றார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். பிரசவ வார்டு ட்யூட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே குழந்தைகளைக் கையில் வாங்கத்தான், உனக்குத் தெரியும். இப்போது அழுகைச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது. வியாழன் வேலையை விட்டுவிட்டார், வேறு ஊருக்குப் போகிறாராம். ஆக, அந்தப் பெயர் எனக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் ஒரு மேசை முழுக்க எனக்கே.

நானும் விட்டுவிட்டுப் போகலாம். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நினைக்கிறேன். போனால் மறுபடி பூட்டிவிடுவார்கள். சாவி என்னிடம் இருக்கிறது என்பதுதான் கஷ்டம்.

அப்பாவிடம் பொய் சொல்ல வேண்டியிருப்பதற்கு நீ பொறுப்பில்லை. அதை நானும் அம்மாவும் சேர்ந்து சுமக்கிறோம். நீ பக்கம் திருப்பு.

அக்கா


ஜூலை 20

அக்கா,

உன் கடிதத்தை நான்கு நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். உன்னை அங்கே மாட்டிவிட்டது நான்தான் என்று எழுதினால் இல்லை என்று எழுதுவாய். உன்னைப் பாராட்டி எழுதலாம் என்று ஆரம்பித்தேன். பள்ளிக் கட்டுரை மாதிரி வந்தது. கசக்கிப் போட்டுவிட்டேன். இன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மதியம் கடையில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா உள்ளே ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். முதல் கண்ணாடி. உன் வயதுதான் இருக்கும். அம்மா அவர் முகத்தில் மாட்டிவிட்டு, "காதுக்குப் பின்னால அழுத்துதா?" என்று கேட்டாள். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அழுத்துகிறதோ என்று அம்மா கழற்றினாள். அதற்கில்லை என்று தலையாட்டினார். காலையில் பெரிய டாக்டரம்மாவிடம் போய்விட்டு வந்திருக்கிறார். "முடியாதுன்னுட்டாங்க. வேற எங்கன்னு கேட்டேன், அதையும் சொல்லலை" என்றார்.

அம்மா உள் அறைக் கதவைப் பார்த்தாள். அப்பா எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். உன்னை எதிர்கொள்ளவே வெட்கப்பட்ட அம்மா, முன்பின் தெரியாத ஒருவரிடம் இதைப் பற்றி வாயைத் திறப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை போங்க. கவுண்டர்ல நிக்காதீங்க, நேரா மாடிக்குப் போயிடுங்க. அங்க என் பொண்ணு இருப்பா" என்றாள். "எனக்குச் செஞ்சாங்க அங்க" என்றும் சொன்னாள், ரொம்ப மெதுவாக. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு கேட்டேன். "அம்மா, அக்கா ஏற்கெனவே அங்க தனியா முழி பிதுங்கிட்டு இருக்கா. நீயே ஆள் அனுப்பறியே?"

"தெரியும்டி. பெத்தவளே அவளுக்கு வேலை வெக்கறேன்" என்றாள். பிறகு, "ஒருத்தங்க வர்றாங்கன்னு எழுதிடு. இன்னும் யாராவது கேட்டாலும் நான் சொல்லத்தான் போறேன், அதையும் எழுதிடு" என்றாள். அப்பா விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார். நாங்கள் இருவரும் பில் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டோம்.

நான் அந்தப் பெண்ணின் பின்னால் ஓடிப்போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கடை வாசல்வரை போனேன். சொல்லவில்லை. அவர் இந்த வியாழக்கிழமை வருவார், பழுப்பு ஃப்ரேம் போட்டிருப்பார். புதுக் கண்ணாடி இன்னும் பழகவில்லை, படி ஏறும்போது தடுமாறுவார். யாரையாவது கீழே நிற்கச் சொல் அக்கா.

பூச்சி